சமாதானத்துக்குப் பயந்த வாக்காளர்

டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்தில் மூன்று யாழ்ப்பாணத்து அகதிகள், கோப்பியும் கையுமாக, இலங்கை ஜனாதிபதித் தேர்தலை இங்கிருந்தே நடத்துகிறார்கள். ஒன்றும் தெரியாத நானும், லண்டனிலிருந்து வந்தவன் என்பதால், அபிப்பிராயம் சொல்லவேண்டியிருக்கிறது.

"ஒரு வேட்பாளர் நல்லாப் பேசுறார். ஆறு மாசத்தில சமாதானமாம்."

"எப்பிடியாம்?" என்று சத்தமாகக் கேட்கிறேன்.

"அதைச் சொல்லேல்லை."

மூவரில் மூத்தவரான சிவம் அண்ணை பதறுகிறார். "மெதுவாக் கதையுங்கோ தம்பி! ஜெர்மன் பேப்பர்க்காரன் இதை எழுதினால், என்ர அகதி அன்ட்ராக்கை, விண்ணப்பத்தைப் பாக்கிற அதிகாரி அதை வெட்டி என்ர ஃபைலில வைச்சிடுவான். அங்க சமாதானம், நீ போ எண்டுவான். நாளைக்குத்தான் எனக்கு அவனோட டெர்மின், விசாரணை!"

குற்ற உணர்வில் ஒரு ஜெர்மன் பேப்பர் வாங்கி, அந்தச் செய்தி வந்திருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவன்போல் எல்லாப் பக்கமும் புரட்டுகிறேன். இலங்கை எங்குமே இல்லை. முழுக்க உதைபந்தாட்டம்.

சிவம் அண்ணையின் முகம் மலர்கிறது.

"பாத்தியளோ தம்பி, இதெல்லோ பத்திரிகை!"