குடிக்காதவரின் கல்லீரல்

என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். நான் அங்கேயே செக்கிங். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு நான்கு வயதாகும்போது அவர் தளர ஆரம்பித்தார். படியேறச் சுவரைப் பிடித்தார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்பட்டார்.

பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. இரண்டுமே பல மடங்கு கூடுதல். டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"கல்லீரல் கெட்டிருக்குதுங்க. எத்தன வருசமா குடிக்கறாரு?"

"குடிக்க மாட்டாருங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க" என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

அன்று அவருக்காகப் பேசிய நான் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டும் அந்த எண்கள் இறங்கவில்லை. வீட்டுக்காரம்மா வேறு, "உன்ற ஊட்டுக்காரரு தள்ளாடீட்டு வாறாரு கண்ணு, பாத்துக்க" என்றார். கணவர் குளிக்கப் போகும் நேரத்தில் சட்டையை முகர்ந்து பார்த்தேன். வியர்வை வாடை மட்டும்தான் இருந்தது. அதையும் நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"புள்ள தலையில கைய வச்சு சத்தியம் பண்ணுங்க."

அவர் கையைத் தூக்கினார். அது பாதியிலேயே கீழே விழுந்தது. மனசாட்சி உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் சோறு போடுவேன், பேச மாட்டேன்.

சில வாரங்களில் அவர் கட்டிங் டேபிள் அருகே விழுந்துவிட்டார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, அவரைக் குத்தவைத்து உட்காரச் சொன்னார். பிறகு கையூன்றாமல் எழச் சொன்னார். அவரால் முடியவில்லை. கையைத் தோளுக்கு மேலே தூக்கச் சொன்னார். அதுவும் முடியவில்லை.

"இந்த ரெண்டு என்சைமும் கல்லீரல்ல மட்டும் இருக்கறதில்லீங்க. தசையிலயும் இருக்குது. தசை கெட்டாலும் ரத்தத்துல ஏறும்" என்றார்.

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கூடும் ஜி.ஜி.டி. சரியாக இருந்தது. தசைக்கான சி.பி.கே. எங்கேயோ உச்சத்துக்குப் போயிருந்தது. தொடையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்து, தசை அழற்சி என்றார்கள்.

வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு உங்களுக்குக் கை ஏறலன்னு ஏன் சொல்லல?"

"ஏட்டி, சொன்னா நம்பிருப்பியா?"

அவர் கையிலிருந்த ரிப்போர்ட் கவரை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஸ்டீராய்டு மாத்திரையில் அவர் முகம் உப்பியது. அடுத்த வருடத்துக்குள் கால்களுக்குப் பலம் வந்தது. துணி ரோல் தூக்கும் வலு மட்டும் திரும்பவில்லை. கம்பெனியில் பேட்டர்ன் வரையும் வேலைக்கு மாற்றிக்கொடுத்தார்கள். என்னோடு பழையபடியே பேசினார், சிரித்தார். ஆனால் உடம்புக்கு ஏதாவது செய்தால் முதலில் என்னிடம் சொல்வது மட்டும் நின்றுபோனது. தனியாகப் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய், டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார்.