இறந்தவரோடு போட்ட ஜோடி

பாராளுமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் எங்கள் மதுக்கடையின் சுவரில் ஒரு மணி உண்டு. உள்ளே ஓட்டெடுப்பு என்றால் இங்கேயும் அடிக்கும். எட்டு நிமிடத்தில் உறுப்பினர்கள் ஓடிப்போய்ச் சேர வேண்டும். அதன்பின் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஒப்பந்தத்தோடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா, ஒப்பந்தமே இல்லாமலா, போகாமலே இருப்பதா என்று எதற்கும் பெரும்பான்மை கிடைக்காமல் சபை முட்டிக்கொண்டு நின்ற அந்தக் குளிர்காலத்தில், மணி சும்மா இருந்த நாளே கிடையாது. பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் ஓடுவார்கள். வில்ஃப் கார்சைடும் சிரில் டென்ஹமும் மட்டும் அசைய மாட்டார்கள்.

வில்ஃப் லங்காஷயரின் ஒரு ஆலை ஊரில் பஸ் ஓட்டியவர். தொழிற்சங்கம் வழியாகச் சபைக்கு வந்து, இருபது வருடம் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சு பத்திரிகையில் வந்து நான் பார்த்ததில்லை. வில்ஃப் எதிர்க்கட்சி, சிரில் ஆளுங்கட்சி. பண்ணை வீட்டுக்காரர், நுரையீரல் கெட்டுப்போனவர். அவரால் ஓட முடியாது என்பதால் இரண்டு கட்சிக் கொறடாக்களும் சேர்ந்து அவர்களை ஜோடி போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர் ஓட்டுப் போடாவிட்டால் அந்தப் பக்கமும் ஒருவர் போடுவதில்லை என்பது இங்கே பழைய வழக்கம். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான்.

"ஓடேன்டா பஸ்காரா, எனக்காக ஏன் உட்கார்ந்திருக்கே?" என்பார் சிரில்.

"நான் போனா உன் ஷெர்ரிய யாரு காவல் காக்கறது, பிரபுவே? நோரீன் தண்ணி கலந்துருவா."

"நான் கலக்கறது உங்க பீர்லதான், வில்ஃப்," என்பேன்.

சிரிலுக்கு வலது முழங்கால் மடங்காது. காலை நீட்டித்தான் உட்காருவார். தட்டோடு போகும்போது அந்தக் காலைத் தாண்டித்தான் போவேன்.

பிப்ரவரியில் சிரில் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் வில்ஃப் வந்து, தனக்கு ஒரு பீரும் எதிர் நாற்காலிக்கு ஒரு ஷெர்ரியும் கேட்டார். கொடுத்தேன். மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

வில்ஃபின் கட்சிக் கொறடா கிரெய்க் ஒரு மதியம் தேடிக்கொண்டு வந்தான். வில்ஃபை விட முப்பது வயது சின்னவன்.

"பொணத்தோட ஜோடி போட்ட மொத ஆளு நீங்கதான் வில்ஃப். ஆளு போனதும் ஜோடியும் போச்சு. தெரியாதா உங்களுக்கு?"

"அவன் உசிரோட இருந்தா அவன் ஓட்டும் என் ஓட்டும் சரியாப் போயிருக்கும் தம்பி. அவன் செத்ததுல நான் லாபம் பாக்கணுமா?"

"லாபமாம், லாபம்! உங்க ஊர்க்காரங்க வெளிய போகணும்னு கத்தறாங்க. கட்சி இந்த ஒப்பந்தத்த எதிர்க்கணும்னு சொல்லுது. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்னு செத்தவர் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டிருக்கீங்க."

வில்ஃபின் முகம் சாம்பலாகிப்போனது. கிரெய்க் போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "நோரீன், சிரில் இழுத்து இழுத்து மூச்சு விடறது உனக்குக் கேக்குதா?"

"ஃப்ரிட்ஜ் சத்தம்தான் கேக்குது."

அப்படிச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். நாலடி போன பிறகுதான் தெரிந்தது, அங்கே இல்லாத ஒரு காலைத் தாண்டி வந்திருக்கிறேன் என்று.

மார்ச் கடைசியில் ஒப்பந்தம் மறுபடியும் ஓட்டுக்கு வந்தது. மணி அடித்ததும் வில்ஃப் எதிர் நாற்காலியைப் பார்த்தார். "போதும் சிரில், நான் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை அவர் யார் முதுகுக்குப் பின்னாலும் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். உட்காராமல் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஆமாம்ங்கறவங்க ஒரு கூடத்துல, இல்லைங்கறவங்க ஒரு கூடத்துல நடக்கணும். நான் இல்லைக்குத்தான் கிளம்பினேன். பக்கத்துல மூச்சுச் சத்தம். திரும்பிப் பாக்காம அது கூடவே நடந்தேன். நிமிந்தா சுத்தி எல்லாம் அவன் கட்சிக்காரங்க. பேரு குறிக்கிறவர் என்னப் பாத்தாரு. நான் டென்ஹம்னு சிரில் பேரச் சொன்னேன்."

"ஐயோ, வில்ஃப்."

"அவரும் தேடினாரும்மா. குனிஞ்சு அவன் பேரத் தேடினாரு. அப்புறம்தான் மூஞ்சி வெளுத்து என்ன நிமிந்து பாத்தாரு. என் பேரச் சொன்னேன், குறிச்சுக்கிட்டாரு. வெளிய வந்தா இல்லைங்கற பக்கக் கதவு இன்னும் பூட்டல. ஓடிப்போய் அதுலயும் நடந்துட்டேன்."

அவர் முடிக்கும் முன்பே கிரெய்க் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"ரெண்டு பக்கமும் போட்டா ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு, வில்ஃப்! நீங்க வராம இங்கயே குடிச்சிருக்கலாம்!"

"சரியாப் போறதுக்குத்தான ஜோடி? ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு."

ஒப்பந்தத் தீர்மானம் அன்று தோற்றுப்போயிருந்தது. நிறைய ஓட்டு வித்தியாசம். வில்ஃப் எந்தக் கூடத்தில் நடந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கிரெய்க்குக்கும் அது தெரியும். அதனாலேயே இன்னும் கோபமாக இருந்தான்.

"அந்த ரெண்டாவது, நீங்க இல்லைன்னு போட்டது, நீங்களா நெனச்சுப் போட்டதா?" என்று கேட்டேன்.



"அது கட்சி சொன்னது. இவன் சொன்னது," என்று கிரெய்க்கைக் காட்டினார் வில்ஃப். "மொதல்ல போட்டது சிரிலோடது."

"அப்ப உங்களோடது?"

"அதத்தான் நோரீன் நடந்து வரும்போது பூரா தேடிக்கிட்டு வந்தேன். உள்ள போனப்ப எங்கிட்ட இருந்த மாதிரியே தெரியல."

மறுபடியும் மணி அடித்தது. கிரெய்க் ஓடினான். வில்ஃப் கதவு வரை போனார். தெருவில் எல்லோரும் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார். பிறகு அதற்கு எதிர்ப்பக்கமாக, ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.