தட்டிக்கு அந்தப் பக்கத்து வாய்ப்பாடு

1. மூன்று, ஆறு, ஒன்பது

அந்த யோசனை எனக்கு வந்தது சங்கீத வகுப்பில்தான். ஆனால் சங்கீதத்திலிருந்து வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை. தரம் மூன்று ஏ பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து, நடுவில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடம் கண்டி நகரத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. ஆரம்பப் பிரிவுக்கு ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஆள் உயரப் பலகைத் தட்டி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். தட்டிக்கு அந்தப் பக்கம், மூன்று பி வகுப்பில், முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் "மூணு" என்றார்கள். அமைதி. "ஆறு." அமைதி. "ஒம்பது." எட்டிப் பார்த்தேன். இடையில் வரும் எண்களை வாய் திறக்காமல் மனசுக்குள் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் முழங்காலை ஒரு விரலால் தொட்டு, மூன்றின் மடங்கு வரும்போது மட்டும் சத்தமாகச் சொல்கிறார்கள். ஒருவர்கூட முந்தவில்லை. முப்பது வரை இடைவெளி அப்படியே நின்றது.

புதிதாக நியமனம் எடுத்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இதுதான் ஸ்டெடி பீட், ஓடாமல் பிந்தாமல் நிற்கிற தாள அடி. சத்தம் கேட்கிற இடத்தில் எந்தப் பிள்ளையும் தாளம் போட்டுவிடும். சத்தம் இல்லாத இடத்தில் அதே டெம்போவை உள்ளுக்குள் பிடித்து வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்து, நான்கு வருடமாக வகுப்பில் தேடிக்கொண்டிருந்த சங்கதி. அதைக் கணிதம் படிப்பிக்கிற ரிஹானா டீச்சர் வாய்ப்பாட்டோடு சேர்த்துச் சும்மா செய்துகொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு எழுதலாம். ஆனால் எரிந்ததுதான் உண்மை.

ரிஹானாவின் ஊர் அலவத்துகொட, என்னுடையது தெல்தோட்டை. கல்லூரியில் ஒரே வருடம், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் ஒரே கிழமையில். தரம் இரண்டு முடிந்ததும் பெற்றோர் வந்து பிள்ளையை பி வகுப்பில் போடச் சொல்லி அதிபரிடம் நிற்பார்கள். ஏ வகுப்பில் போடச் சொல்லி இதுவரை யாரும் நின்றதில்லை. அந்த வகுப்புக்கு நான்தான் பொறுப்பு.

2. முறைப்பாடு

அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. அழகியல் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர் ஐந்து கிழமையில், ஒரு மாதம் சொச்சத்தில், வகுப்புப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால், கல்வி வலயத்தில் இருக்கிற ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குப் பட்டறை நடத்தும் பொறுப்பு அந்த ஆசிரியருக்கு. எனக்கு அது வேண்டும். எந்தச் சட்டை போடுவது என்பது வரை முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

இடைவேளையில் அதிபரிடம் போனேன். பக்கத்து வகுப்பு கத்துவதால் சங்கீதப் பாடம் நடத்த முடியவில்லை என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஃபைலில் இருந்து தலையை எடுக்கவில்லை.

"சங்கீத வகுப்புச் சத்தத்துல கணக்குப் பாடம் கெடுதுன்னு யாராவது வருவாங்கன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். நீங்க தலைகீழா வந்திருக்கீங்க."

இருந்தாலும் அடுத்த கிழமை மூன்று பி கீழ்க் கட்டடத்தில் காலியாகக் கிடந்த பழைய நூலக அறைக்குப் போனது. பிள்ளைகள் ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார்கள். அலுமாரியைத் தூக்க ஆள் இல்லை என்று ரிஹானா என்னைக் கூப்பிட்டார். ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவர். இறக்கி வைத்ததும், நல்ல இடம், காற்று வருகிறது என்றார்.

அன்று பின்னேரமே என் பாடத்திட்டத்தில் எழுதினேன்: செயற்பாடு இரண்டு, மௌன எண்ணிக்கை. யாரிடமிருந்து எடுத்தேன் என்று எழுதவில்லை.

3. ஓடியவர்

முதல் நாளே குழம்பியது. நான் கை தட்டித் தொடங்கிவைத்தேன். 'மூணு' சரியாக வந்தது. 'பதினஞ்சு' வரும்போது வகுப்பு அரை ஓட்டம். 'முப்பது' வரும்போது ஹந்தானை மலை இறக்கத்தில் வருகிற பஸ் மாதிரி வந்து முடிந்தது. வாய்ப்பாட்டை விட்டுவிட்டு டம்பரின், குச்சி என்று பழைய பயிற்சிகளுக்குப் போனேன். முன்பு ஒழுங்காக நின்றவை கூட இப்போது ஓடின. பிள்ளைகளை ஏசினேன். விடுமுறைக்குப் பிறகு கவனம் போய்விட்டது, வீட்டில் ஃபோன் பார்க்கிறார்கள் என்று என்னென்னவோ காரணம் சொன்னேன்.

ஷர்மிளா என்று ஒரு பிள்ளை எழும்பி நின்றாள். "சேர், சேரோட கை போற மாதிரிதானே நாங்க போறோம்."

உட்காரு என்றேன்.

ஆலோசகருக்குக் காட்ட ஒவ்வொரு கிழமையும் வகுப்பை ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தேன். தங்கியிருக்கிற அறைக்குப் பல்லேகல பஸ்ஸில் போகும்போது இயர்ஃபோன் போட்டுக் கேட்டேன். பழைய பதிவில் என் கைத்தட்டல் நிமிடத்துக்கு எண்பது அடியில் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அவசரப்படுகிறது. அந்த நேரம் பார்த்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் "ஆறு" என்று கேட்கிறது. என் பிள்ளைகள் அந்த வேகத்தில் போய் உட்காருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் என் கையும் திரும்பி வருகிறது. மறுபடி ஓடப் பார்க்கிறது. "பன்னெண்டு" வந்து பிடிக்கிறது.

புதிய பதிவில் பின்னால் ஒரு குரலும் இல்லை. எண்பதில் தொடங்குகிற கை நூற்றெட்டில் முடிகிறது. மெட்ரோநோம் செயலியை வைத்து மூன்று தடவை பார்த்தேன். பிள்ளைகள் ஓடவே இல்லை. என் கையை அச்சுப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள். ஓடியது நான்.

இறங்க வேண்டிய தரிப்பிடமும் தாண்டிவிட்டது.

4. கீழ்க் கட்டடம்

அடுத்த நாள் இடைவேளையில் கீழே போனேன். ரிஹானா கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அதிபரிடம் முறைப்பாடு சொன்னது நான்தான் என்றேன். சிவப்புப் பேனா நிற்கவில்லை.

"தெரியும் சேர்."

"அதிபர் சொன்னாங்களா?"

"இல்ல. அலுமாரிய தூக்கக்குள்ள நீங்க ஒரு தரங்கூட என்ட மொகத்த பாக்கல்ல."

இந்த மௌன எண்ணிக்கையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஏதாவது புத்தகம், இல்லாவிட்டால் ஒரு வீடியோ என்று சொல்லிவிட்டால் எனக்குத் தாங்கிக்கொள்ள முடியும் என்று இருந்தது. அவர் சிரித்தார்.

"நீங்கதான் சேர் காரணம். ஒங்கட கைத்தட்டு போகப் போக ஓடும். என்ட புள்ளைகளும் அதோட சேந்து ஓடி வாய்ப்பாட்ட முழுங்கினாங்க. அதுக்குத்தான் வாய மூடிக்கிட்டு உள்ளுக்கு எண்ணச் சொன்னேன். ஒங்கட சத்தம் காதுல விழாம ஈக்க."

அதாவது என்னிடமிருந்து தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது. அது தட்டியைத் தாண்டி வந்து என் பிள்ளைகளையும் காப்பாற்றியிருக்கிறது. பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை, கூடியது. ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் கோபித்திருப்பீர்கள் என்றார். கோபித்துத்தான் இருப்பேன்.

மேலே திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றார், பிள்ளைகளுக்கு அந்த அறை பிடித்துவிட்டது. வேண்டுமானால் வியாழக்கிழமை கணிதப் பாடத்துக்கு சேர் ஏ வகுப்பையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஆனால் கை தட்டக்கூடாது என்றார்.

போனோம். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளோடு நானும் தரையில் உட்கார்ந்து முழங்காலில் விரல் வைத்தேன். மூன்று, ஆறு, ஒன்பது வரைக்கும் தாக்குப்பிடித்தேன். "பன்னெண்டு" என்று தனியாக ஒரு ஆண் குரல் முந்தி வந்தது. ஐம்பத்தெட்டுத் தலைகளும் திரும்பிப் பார்த்தன. ஷர்மிளா தன் முழங்காலில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். நான்கு அடி மட்டும் தட்டிவிட்டுக் கையை நிறுத்திவிடுகிறேன். வகுப்பு ஓடினால் பிள்ளைகளை ஏசுவதற்கு முன்னால் பதிவைப் போட்டு என் கையைக் கேட்கிறேன். அதிபரிடமும் போய், பாடத்தைக் கெடுத்த சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அது தனக்கு முதலிலேயே தெரியும் என்றார்.

வருகிற புதன்கிழமை ஆலோசகர் வருகிறார். ஏ வகுப்பு மட்டும்தான், நான் மட்டும்தான். பிள்ளைகள் இப்போது முப்பது வரை நின்று போகிறார்கள்; அவருக்குப் பிடிக்கும் என்று தெரிகிறது. இது யாருடைய முறை என்று அவர் கேட்டால் ரிஹானா டீச்சருடையது என்று சொல்லிவிடுவேன். பட்டறை டீச்சருக்குப் போனாலும் போகட்டும் என்று வாயால் சொல்கிறேன், உள்ளே இன்னும் எரிகிறது. என் பயம், ஆலோசகர் கேட்காமல் போனால் என்ன என்பதுதான். நன்றாகச் செய்தீர்கள் தம்பி என்று கை கொடுத்துவிட்டு அவர் இறங்கிப் போனால், பின்னாலேயே படிக்கட்டில் இறங்கி, அவரை நிறுத்தி, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, கீழ்க் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதைத்தான் புதன்கிழமை செய்து பார்க்கப் போகிறேன்.