ஒரு கட்டை மேலே

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் காலை ரயிலில், ஜன்னலோர சீட்டு ஒன்றின் மேல் மஞ்சள் கைக்குட்டை விரித்திருந்தால் அது எனக்கான இடம் என்று அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். விரித்து வைப்பவர் என் அண்ணி. அவர் வீடு மாரிகுப்பத்தில். ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் இடம் பிடிப்பது அவருக்குச் சுலபம். நான் மூன்று ஸ்டேஷன் தள்ளி கோரமண்டலில் ஏறுவேன். செவ்வாயும் வெள்ளியும் என் முதுகில் என்னைவிடக் கொஞ்சமே குட்டையான ஒரு நீளப் பை தொங்கும். நிற்கவே இடமில்லாத பெட்டியில் அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் கிடையாது. "இன்னாங்க பண்றது, அவன் பொழப்பு அப்படி. கொஞ்சம் நவுந்து குடுங்க" என்பார் அண்ணி. முணுமுணுத்துக்கொண்டே நகர்வார்கள்.

என் பிழைப்பு உண்மையில் அது இல்லை. வெள்ளைச் சட்டையும் அடையாள அட்டையுமாக ஒயிட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்ப்பதுதான் என் வேலை. பைக்குள் இருப்பது பேஸ் கிட்டார். சனி ஞாயிறுகளில் எங்கள் நாலு பேர் குழு கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் சபை ஆண்டு விழாக்களிலும் வாசிக்கும். அண்ணி பாடுவார். பேஸ் என்பது யாரும் கவனிக்காத வாத்தியம். இருக்கும்போது தெரியாது, நின்றுவிட்டால் மட்டும் பாட்டில் என்னவோ குறைகிறதே என்று தோன்றும். "எல்லார் கிட்டார்லயும் ஆறு கம்பி இருக்குது, உனுக்கு மட்டும் நாலு குடுத்து ஏமாத்திட்டாங்களா?" என்று என் அண்ணன் கேட்காத கிறிஸ்துமஸ் இல்லை.

வாரம் முழுக்க வேலைக்கும் ரயிலுக்குமே சரியாக இருக்கும்போது ஒத்திகைக்கு எங்கே போவது? ரயில்தான் எங்கள் ஒத்திகைக் கூடம். கீபோர்டு வாசிக்கும் நண்பரும் மாரிகுப்பத்துக்காரர். பேட்டரியில் ஓடும் சின்னக் கீபோர்டு ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார். டிரம்ஸ்காரரும் அங்கேதான் ஏறுவார், தன் சாப்பாட்டுப் பையைத் தட்டுவார். அண்ணி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தணிந்த குரலில் பாடுவார். நானும் கிட்டாரை எடுத்து வாசிப்பேன். ஆனால் ஸ்பீக்கரில் செருகாத பேஸ் கிட்டாரும் ஊமையும் ஒன்று. ரயில் சத்தத்தில் அது எனக்கே கேட்காது. வயிற்றில் லேசாக ஒரு அதிர்வு தெரியும், அவ்வளவுதான். அதனால் நான் காதை நம்புவதை விட்டுவிட்டு கீபோர்டுகாரரின் இடது கையைப் பார்த்தே வாசிக்கப் பழகியிருந்தேன். அவர் விரல் எங்கே போகிறதோ அங்கே என் விரலும் போகும். மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது, ஒரு குறையும் வரவில்லை.

அந்த வருடம் நவம்பரில் குளிர் சீக்கிரம் வந்துவிட்டது. அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு கல்யாண வரவேற்புக்காக நாங்கள் புதிதாகத் தயார் செய்துகொண்டிருந்த பாட்டு ஒன்று, சரணத்தில் உச்சிக்குப் போய் நிற்கும். அதை அவரால் எட்ட முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில் கிளம்பி நான் ஏறுவதற்கு முந்தைய அந்த மூன்று ஸ்டேஷனுக்குள், இரண்டு கட்டைச் சுருதியில் இருந்த பாட்டை ஒரு கட்டைக்கு இறக்கிவிடலாம் என்று மற்ற மூன்று பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். கீபோர்டில் சுருதியை இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் இறங்கி வரும். நானோ விரலைப் பார்க்கிறவன். பழைய இரண்டு கட்டையிலேயே நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தேன். சுருதி இறங்கியதுகூடத் தெரியாத காதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ரயிலில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள்.

வரவேற்பு அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துப் பார்க்க நேரமில்லை. அந்தப் புதுப் பாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. தொடக்கத்தில் நாலு சுற்று பேஸும் டிரம்ஸும் மட்டும்தான். என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த முதல் நாலு சுற்று அது. வாசித்தேன். ஹாலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலிகள் அதிர்ந்தன. பிறகு அண்ணி எடுத்தார், பாட்டு ஓடியது. சரணத்தில், அந்த உச்சியில், அவர் குரல் உடைந்தது. ஒரு கணம் காற்றுதான் வந்தது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பாடி முடித்தார்.

இறங்கி வந்ததும் என் கையைக் குலுக்காதவர்கள் இல்லை. வேறு இரண்டு குழுக்காரர்கள் என் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். நான் தரையில் நடக்கவில்லை. அண்ணியைப் பற்றிப் பேசியவர்கள், "பாவம், வயசாயிடுச்சு, குரல் போயிடுச்சு" என்றார்கள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பெருந்தன்மையை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

விருந்தினர்களில் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டரும் இருந்தார். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் தனிப்பாடல் பாடுவது, அண்ணி கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்தே அவருடையது. வருடம் முழுக்க ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் உட்கார்ந்து பேச்சு வாங்கும் அண்ணிக்கு அந்த ஐந்து நிமிடம்தான் பண்டிகை. அதற்கென்று ஒரு புடவை எடுத்து வைத்திருப்பார். இரண்டு ஞாயிறு கழித்துப் பட்டியல் வந்தபோது அந்த இடத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணின் பெயர் இருந்தது. அண்ணி மறுநாள் வேலைக்கு லீவு போட்டார்.

அன்றுதான் ரயிலில் கீபோர்டுகாரர் வாயைத் திறந்தார். "இன்னாப்பா, உனுக்கு இன்னும் தெரியாதா? நீ ரெண்டு கட்டையில ஆரம்பிச்ச. நாங்க ஒண்ணுல வச்சிக்கினு நிக்கறோம். எனக்குக் கையே ஓடல. அண்ணி முதுகுக்குப் பின்னால ரெண்டு வெரல் காமிச்சாங்க. பொத்தானத் திருப்பிட்டேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவங்கதான் சத்தியம் வாங்கினாங்க." அன்று மேடையில் அண்ணி கையைக் காட்டி நிறுத்தியிருந்தால் போதும், நான் ஊருக்கு முன்னால் அசடு வழிந்திருப்பேன், அவர் குரல் தப்பித்திருக்கும். முடியாது என்று தெரிந்தே அவர் என் சுருதிக்கு ஏறி வந்திருக்கிறார்.

உடனே கொயர் மாஸ்டரிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். நாலு நாள் ஓடவில்லை. நம்பர் வாங்கிப்போன இரண்டு குழுக்களும் என் கண்ணில் நின்றன. சனிக்கிழமைதான் போனேன். முழுதும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டியல மாத்தறது கஷ்டமில்ல. அவங்கள வந்து ஒரு தடவ பாடச் சொல்லுங்க" என்றார். அண்ணியிடம் சொன்னபோது அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு வீட்ல புதுப் பாவாட தாவணி எடுத்து வச்சிருப்பாங்க. குடுத்தத புடுங்கறதா? போ தம்பி" என்றார். அந்த வருடம் அண்ணி இரண்டாவது வரிசையில் நின்று எல்லோரோடும் சேர்ந்து பாடினார். அடுத்த வருடங்களிலும் பட்டியல் அவரிடம் திரும்பவில்லை.

இப்போதும் நாங்கள் அதே ரயிலில்தான் போகிறோம், அதே குழுதான். என் காதில் இப்போது ஒரு இயர்போன் இருக்கிறது, கிட்டாரிலிருந்து நேராக வயர் போகிறது. ரயிலிலும் என் வாசிப்பு எனக்குக் கேட்கிறது. உண்மை தெரிந்த பிறகு முதலில் வாங்கியது அதைத்தான். மற்றக் குழுக்கள் கூப்பிட்டபோது போகவில்லை. தியாகம் ஒன்றும் இல்லை, எனக்கு அண்ணிக்குப் பின்னால் நின்று வாசிப்பதுதான் பிடிக்கிறது.

ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்போ மூணு வருசமா பக்கத்துல உக்காந்து வாசிச்சிக்கினு வந்த. ஒரு நாளும் யாருக்கும் கேட்டதில்ல, உனுக்கே கேட்டதில்ல. அன்னிக்குத்தான் ஊரே கேட்டுச்சு. உன் மூஞ்சியப் பாத்தேன். அத நான் எப்படி நிறுத்துவேன், சொல்லு."

யாரிடமும் சொல்லக் கூடாது என்ற சத்தியம் என்னிடமும் வாங்கியிருக்கிறார். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன். அந்தக் கல்யாண ஹாலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைக்குக் கையைக் குலுக்கியவர்களும் பின்வரிசையில் சிரித்தவர்களும், ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணிக்குக் குரல் போகவில்லை. தப்பாக வாசித்தவன் நான்.