இரண்டு விரல் தொய்வு

ஒயரக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. கிரேன்களுக்கு ஒயர்க்கட்டு தயாரிக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக நின்றபடியே வேலை. ஆளுயரப் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். ஆணிக்கு ஆணி ஒயரை வளைத்துக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு லூஸ் விடுவது அவர் வழக்கம். மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர் மாறினார்கள். ஐந்து பேரும் "ஏம்மா ஒயரை வீணாக்குற?" என்று கேட்டார்கள். ஐந்து பேருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது.

"கிரேன் கையை நீட்டுறப்ப நீங்க போய் ஒயரைப் பிடிச்சுக்குவீங்களா சார்?"

பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தால் காகிதத்தில் மாதிரி உருவங்கள் செய்வார். கணவர் செருப்புக்கடை விற்பனையாளர். பெட்டிக்குள் செருப்பைச் சுற்றிவரும் மெல்லிய தாளைக் கத்தையாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தரையில் பாய் விரித்துக்கொள்வார். கட்டிலில் பாதி செய்த காகிதக் கிரேன் படுத்திருந்தது.

"கட்டில் எப்பங்க காலியாகும்?" என்று விடுதியில் அறை கேட்பவரைப் போலக் கேட்பார்.

"கிரேன் எந்திரிச்சதும் சொல்றேன்."

மற்றவர்கள் தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டி, அதற்கு ஒயர் என்று பெயர் வைப்பார்கள். காய்ந்ததும் அதைக்கொண்டு பல் குத்தலாம். ஒயரக்கா தாளைக் கத்தரிக்க மாட்டார், நீளவாக்கில் கிழிப்பார். தண்ணீராய்க் கரைத்த பசையைத் தொட்டுத் தொடையில் வைத்துத் திரிப்பார். காயும்வரை அதைச் சும்மா விட மாட்டார். இப்படி வளைப்பார், அப்படி வளைப்பார். நேராகக் காய்ந்த ஒயர் அவர் கணக்கில் செத்த ஒயர். கடைசியாகப் பென்சில் தூளைத் தேய்த்தால் ரப்பர் மினுமினுப்பு வந்துவிடும்.

இப்படி நாற்பத்தொரு ஒயர்களோடு கிரேன் எழுந்தது. காகித மாதிரிச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்குப் போனது. சங்கத்தின் விதி: தாள், பசை, மேல்பூச்சு தவிர வேறெதுவும் கூடாது. மாலை ஷிப்ட் முடிந்ததும் பார்க்க வருவதாக ஒயர்ப் பலகைப் பெண்கள் ஒன்பது பேர் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வரும்போது கிரேன் மேசைமேல் இருக்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். போர்க்கப்பல் செய்பவர். அவர் கப்பலில் எதுவும் வளையாது. கொடிகூட விறைப்பாக நிற்கும். பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்தார்.

"என்னம்மா, எல்லாம் தொளதொளன்னு தொங்குது. இழுத்துக் கட்டக்கூடாதா?"

"கட்டலாம். அப்புறம் கை எப்படித் தூக்கும்?"

"காகிதக் கிரேன் எதைத் தூக்கப்போவுது?"

அக்கா ஒரு விரலால் கிரேனின் கையைத் தூக்கிக் காட்டினார். நாற்பத்தொரு ஒயர்களும் நெளிந்து, வழுக்கி, நீண்டு நின்றன. ஒன்றுகூட அறுந்துவிடவில்லை. அங்கேதான் தப்பாகிவிட்டது.

"தாள் இப்படி வளையாது. உள்ள நிஜ ஒயர் வச்சிருக்கீங்க" என்றார் தலைவர். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒயர் மாதிரியே இல்லாதது இப்போது ஒயராகவே ஆகிவிட்டது. அவர் கையில் கத்தரிக்கோலும் வந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணை வெட்டிப் பாத்துடுவோம்."

தொழிற்சாலையில் ஒரு ஒயரில் கத்தரி பட்டாலே முழுக்கட்டும் குப்பைக்குப் போகும்.

"என் ஒயர்ல கத்தரி படாது சார்."

"அப்போ மேசைல இடம் கிடையாது."

"சரி, வெட்டுவோம். வரிசையா எல்லாரோடதையும் வெட்டுவோம். உங்க கப்பல்ல ஆரம்பிக்கலாமா? கொடிக்கம்பத்துக்குள்ள குண்டூசி கிண்டூசி இருக்கான்னு எனக்கும் தெரியணும்ல."

மண்டபத்தில் ஒரு சின்ன அசைவு. கலங்கரை விளக்கம் செய்த பல் மருத்துவர் அதைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ரயில் எஞ்சின்காரர் எஞ்சினைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்தார். இதுவரை ஒன்றும் பேசாத செயலாளர், "வெட்டுறது நம்ம சங்கத்துக்கு அழகில்லீங்களே" என்று கண்டுபிடித்தார்.

சமரசம் பிறந்தது. கிரேன் இருக்கலாம், போட்டியில் இல்லை. தலைவர் ஒரு மெல்லிய தாளில் 'பார்வைக்கு மட்டும். தாள் என்பது உறுதியாகவில்லை' என்று எழுதி, நீளமாகக் கையெழுத்துப் போட்டு, கிரேன்மேல் சாத்தி வைத்தார்.

அக்கா அதை எடுத்து நிதானமாகப் படித்தார். நீளவாக்கில் கிழித்தார். பையிலிருந்த பசையைத் தொட்டு, தலைவர் முன்னாலேயே தொடையில் வைத்துத் திரித்தார்.

"அது சங்கத்தோட ஆவணம்மா."

"இப்பவும் ஆவணந்தான் சார். கொஞ்சம் வளையும்."

வளைத்து, உலர்த்தி, பென்சில் தூளைத் தேய்த்து, நாற்பத்திரண்டாவது ஒயராகக் கிரேனில் மாட்டினார். பக்கத்து ஒயர்களுக்கும் அதற்கும் நிறத்திலோ மினுமினுப்பிலோ ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"இதை வேணா வெட்டிக்குங்க. உள்ள உங்க கையெழுத்து இருக்கும்."

தலைவர் கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிரேனுக்கு வேறு சீட்டு எழுத யாரும் முன்வரவில்லை.

மாலையில் ஒன்பது பெண்களும் வேலை உடுப்போடேயே வந்தார்கள். ஒருத்தி குண்டூசி நுனியால் ஒவ்வொரு வளைவையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் கிரேனின் அளவுக்குக் குண்டூசி நுனிதான் இரண்டு விரல்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. இந்தக் கடைசி ஒயர் மட்டும் ஏன் இவ்வளவு இழுத்துக்கிட்டு நிக்குது?"

"தலைவர் கையெழுத்துடி" என்றார் அக்கா. "அவ்வளவுதான் நீளம்."