ஐறீனுக்குக் கிடைத்த சந்தி

பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் ரயில் சும்மா நின்றால் மற்றவர்கள் போனை எடுத்துப் பார்ப்பார்கள், சிலர் கடலைப் பார்ப்பார்கள். ஐறீனுக்கு எரிச்சல் வரும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் இருக்கும் தங்கை சாமினி வீட்டுக்கு அவள் கிழமைக்கு ஒரு தடவையாவது போவாள். கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் எப்படியும் ஒரு இடத்தில் நிற்கும். முன்னால் ஸ்டேஷன் தெரியும், பாதையில் ஒரு நாய்கூட இருக்காது, ஆனால் சிவப்பு. ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் பக்கத்திலிருந்த மனிதரிடம் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு, ரயில் ஏன் நடுவழியில் நிற்கிறது என்று லப்டொப்பில் தேடினாள். அந்தத் தேடலில்தான் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டு அகப்பட்டது.

ஐறீனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. துறைமுகத்தில் சாமான் விடுவித்துக் கொடுக்கும் ஒரு ஒஃபிஸில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவள். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருஷத்தில் அந்த ஒஃபிஸை மூடிவிட்டார்கள். பிறகு பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்கு வீட்டிலிருந்தே காலையில் கஸ்டம்ஸ் பத்திரம் தயாரித்துக் கொடுத்தாள். பின்னேரம் அவளுடையது. பிள்ளைகள் இல்லை. கணவர் வின்சன்ற் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் சூப்பவைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் அதில் ஒரு பிழை இருக்கும், அதைத் தன்னால் திருத்த முடியும் என்று நம்புகிற மனிதர். ஓய்வுக்குப் பிறகு அவர் பார்க்கப் பிஸ்கட் இல்லை. வீடுதான் இருந்தது.

அந்த விளையாட்டில் ரயிலே தெரியாது. கறுப்புத் திரையில் சாம்பல் கோடுகள், அவற்றின்மேல் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். ரயில் என்பது கோட்டின்மேல் நகர்கிற ஒரு இலக்கம். நீங்கள் சிக்னல்காரர். இந்தச் சிக்னலில் ஒரு தட்டு, போகவேண்டிய இடத்தில் ஒரு தட்டு. நடுவில் உள்ள கோடு வெள்ளையாகும், சிக்னல் பச்சையாகும், இலக்கம் நகரும். கடைசியில் நூற்றுக்கு எத்தனை ரயில்கள் நேரத்துக்குப் போயின என்று ஒரு எண் வரும். ஐறீனுக்கு அந்த எண் அறுபதைத் தாண்ட மறுத்தது. வேலையில் ஒரு பத்திரம் பிந்தவிடாதவள் அவள். இதில் தினமும் தோற்றாள்.

சனிக்கிழமைகளில் பல நாட்டு ஆட்கள் இணையத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய பாதையை ஆளுக்கு ஒரு சிக்னல் அறையாகப் பிரித்து நடத்துவார்கள். ஒருவர் அனுப்பும் ரயிலை அடுத்தவர் வாங்கவேண்டும். அதை ஒழுங்குபடுத்துகிறவர் ஹியூபேட். பொரளையில் பிறந்து வளர்ந்து மெல்பனுக்குப் போனவர், எழுபதைத் தாண்டியவர், தமிழிலும் இங்கிலிஷிலும் ஒரே மாதிரிச் சுருக்கமாகக் கதைப்பவர். ஐறீனுக்கு அவர் எப்போதும் ஒரு கிளைப்பாதையின் கடைசி அறையைத்தான் கொடுப்பார். அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு ரயில் வரும். நடுவில் பாதைகள் கூடும் பெரிய சந்தி அவளுக்கு வேண்டும் என்று கேட்டபோது, முதலில் எண்ணைக் கூட்டிக் கொண்டு வாருங்கள் என்றார்.

எண் கூடாததற்குக் காரணம் கொம்பியூட்டர் என்பதில் ஐறீனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ரயில்கள் குறைவாக இருக்கும்போது லப்டொப் ஒழுங்காக ஓடும். காலை நெரிசல் தொடங்கியதும் திணறும். தட்டினால் ஒன்றும் நடக்காது. விழவில்லையாக்கும் என்று திரும்பத் தட்டுவாள். அப்போது முதல் தட்டும் இரண்டாவது தட்டும் சேர்ந்து விழும். இரண்டாவது தட்டு, போட்ட வழியைத் திரும்ப எடுத்துவிடும். ரயில் நெருங்கிய பிறகு வழியை எடுத்தால், பாதுகாப்புக்காக அந்தப் பாதை கொஞ்ச நேரம் பூட்டிக் கிடக்கும். முன்னால் பாதை வெறுமையாக இருக்க, சிவப்பின் முன்னால் ஒரு முழு ரயில் நிற்கும். அவளால் நிற்கும்.

வின்சன்ற் உதவிக்கு வந்தார். அவர் வராமல் இருந்திருக்கலாம். முதலில், கொம்பியூட்டரைத் துப்புரவாக்கும் என்று ஒரு இலவச மென்பொருளை இறக்கினார். அது நெரிசல் நேரம் பார்த்துத் திரையின் நடுவில் வந்து, காசு கட்டினால் இன்னும் துப்புரவாக்குகிறேன் என்றது. பிறகு ஒரு பழைய பெயின்ற் பிரஷ்ஷால் கீபோட்டைத் துடைத்தார். ஒரு எழுத்து அதோடு வேலை செய்யாமல் போனது. பிறகு, சத்தம்தான் இயந்திரத்துக்குப் பாரம் என்று எங்கோ வாசித்துவிட்டு, அவளுக்குச் சொல்லாமலே விளையாட்டின் சத்தங்களை நிறுத்திவிட்டார். அடுத்த அறையிலிருந்து ரயில் வருகிறது என்று சொல்லும் மணி அந்தச் சத்தங்களில் ஒன்று. மணி கேட்காமல் ஐறீன் ஒரு பின்னேரம் முழுவதும் ரயில்களைத் தவறவிட்டாள். ஏன் என்று கண்டுபிடித்தபோது அவர் சமையலறையில் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். அவள் மேசையில் இருந்த ஸ்க்ரூட்ரைவர் எல்லாவற்றையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்கு லப்டொப்பைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர் அதைத் திறக்கவேயில்லை. மூடியைப் பார்த்து, “மேக பறணயி, மிஸ்,” என்று சிங்களத்தில் சொன்னார். பழையது என்று அவளுக்குத் தெரியும். புதியதன் விலையைக் கேட்டதும் இருவரும் படியிறங்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை சந்தியைப் பார்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்காமல் ஹியூபேட் ஐறீனைக் கேட்டார். அவள் மத்தியானச் சாப்பாட்டை வேளைக்கே முடித்து, கதவைச் சாத்தி, யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முதல் அரை மணித்தியாலம் நன்றாகப் போனது. பிறகு நெரிசல் வந்தது, லப்டொப் திணறியது, அவள் திரும்பத் திரும்பத் தட்டினாள். எங்கும் நிற்காமல் போகவேண்டிய ஒரு கடுகதி ரயில் சந்தியின் வாயில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. வடக்கு அறையில் இருந்தவர் தன் ஸ்டேஷன் மேடை எல்லாம் நிறைந்துவிட்டது என்று எழுதினார். தெற்கு அறையில் இருந்தவர் வெறும் கேள்விக்குறிகளாக அனுப்பினார். கடைசியில் ஹியூபேட்டின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

“ஐறீன், கையை எடுங்கோ. நான் பார்க்கிறன்.”

அவள் எடுத்தாள். அவர் மெல்பனிலிருந்து அவளுடைய சந்தியை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதைத் தன் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் எழும்பிப் போகவும் முடியவில்லை.

கதவைத் திறந்தபோது வின்சன்ற் வெளியில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தது. அவளுக்கு யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டியிருந்தது, அவர்தான் அகப்பட்டார். பெயின்ற் பிரஷ்ஷிலிருந்து தொடங்கினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் லப்டொப்பின் மூலையில் இருந்த பற்றறிக் குறியைத் தட்டினார். குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

“என்ன?” என்றாள்.

“இது கரண்ட் மிச்சம் பிடிக்கிறதிலயே கிடக்குது,” என்றார் மெதுவாக. “நான்தான் போட்டனான். அந்தக் கரண்ட் கட் காலத்தில. உம்மட பத்திரம் முடியிற வரைக்கும் பற்றறி நிக்கோணும் எண்டு.”

கரண்ட் தினமும் மணித்தியாலக் கணக்கில் போன அந்த வருஷத்தில், மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் கடைசிப் பத்திரங்களை முடித்தது உண்மைதான். அப்போது பற்றறி எப்படித் தாக்குப்பிடித்தது என்று அவள் யோசித்ததில்லை. அவர் அவளுக்காக அதைச் செய்திருக்கிறார். செய்துவிட்டு மறந்திருக்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை, சுவரில் செருகி வைத்திருந்தபோதும், அந்த லப்டொப் அரை உயிரோடுதான் ஓடியிருக்கிறது. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த சொற்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது. அவர் அதை மாற்றிவிட்டு, தேத்தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். போட்டுக் கொண்டுவந்தார். குடித்தாள்.

அடுத்தநாள் காலைப் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தாள். தட்டினால் உடனே வெள்ளை, உடனே பச்சை. எண்பது வரும், ஏன் தொண்ணூறே வரும் என்று நினைத்தாள். அறுபத்து மூன்று வந்தது. இன்னொரு தடவை ஓடவிட்டாள். அறுபத்து ஒன்று.

அந்தக் கிழமை அவளோடு கதைக்கவே முடியவில்லை. இதுவரை கொம்பியூட்டர் இருந்தது, வின்சன்ற் இருந்தார். இப்போது பழி போட ஆளில்லை. மணி அடிக்கிறது, இயந்திரம் ஓடுகிறது, அப்படியும் ரயில்கள் பிந்துகின்றன. சாமினி போன் எடுத்து, விளையாட்டுத்தானே அக்கா, விடுங்கள் என்றாள். ஐறீன் போனை வைத்துவிட்டாள்.

விடை மீன்காரரால் வந்தது. அன்று நெரிசல் நடுவில் கீழே மீன்காரர் கூப்பிட்டார். விளையாட்டில் தானாகவே வழி போடும் வசதி ஒன்று இருந்தது. சனிக்கிழமை ஆட்டத்தில் அதைப் பாவிக்க விடமாட்டார்கள். சோம்பேறிகளின் வேலை என்று ஐறீனும் அதைத் தொட்டதில்லை. ஆனால் நிறுத்திவிட்டுப் போக மனமில்லாமல் அதைப் போட்டுவிட்டு இறங்கினாள். சூரை மீனைப் பேரம் பேசி, வெட்டுவித்து, மேல்மாடி மர்லியாவோடு தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்து பார்த்தால், நெரிசல் முடிந்திருந்தது. எண்பத்து நான்கு.

மீன் பையைக் கையில் வைத்துக்கொண்டே அந்த எண்ணைப் பார்த்தாள். தான் இல்லாதபோது தன்னுடைய சந்தி நன்றாக ஓடியிருக்கிறது. இதைவிட ஒரு அவமானம் சனிக்கிழமைகூட நடக்கவில்லை.

மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்து, அதே நெரிசலை முதலிலிருந்து ஓடவிட்டாள். தானாக ஓடும்படி விட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்கப் புரிந்தது. அது அவளைப்போல் முந்திக்கொள்ளவில்லை. தூரத்தில் ஒரு சரக்கு ரயில் தலைகாட்டியதும் அவள் அதற்கு வழி போட்டுவிடுவாள். வந்து கேட்கிறவரைக் காக்கவைப்பது அவளுக்குப் பழக்கமில்லை. ஒஃபிஸிலும் அப்படித்தான் இருந்தாள். அந்த நீளமான ரயில் ஊர்ந்து சந்தியைக் கடக்கும்வரை, பின்னால் வரும் கடுகதிகள் எல்லாம் நிற்கும். தானியங்கி அந்தச் சரக்கு ரயிலைப் பக்கத்துப் பாதையில் நிறுத்திவைத்தது. அது அங்கே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஐறீனின் விரல்கள் அரித்தன. இரண்டு கடுகதிகள் போன பிறகுதான் அதற்குப் பச்சை விழுந்தது. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வரவில்லை.

பின்னேரங்களில் அதையே பயின்றாள். ரயில் கிட்ட வரும்வரை தொடுவதில்லை. சரக்கு ரயில் நின்றால் நிற்கட்டும். சொல்வது சுலபம். சிவப்பின் முன்னால் நிற்கும் ஒவ்வொரு இலக்கமும் அவளைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கும். கை தானாகப் போகும், இழுத்துக்கொள்வாள். சில நாள் எண்பது, சில நாள் திரும்ப எழுபதுக்குக் கீழே. ஒருநாள் எரிச்சலில் மவுஸைச் சோபாவில் எறிந்தாள். வின்சன்ற் அதை எடுத்து வந்து, திருத்த ஏதும் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எண் எண்பதுக்கு மேல் நிலைத்த பிறகு ஹியூபேட்டுக்கு எழுதினாள். அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, சந்தியைக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை அவள் வேளைக்கே வந்து உட்கார்ந்தாள். நெரிசல் உச்சத்தில், தெற்கில் இருந்தவர் தன் சரக்கு ரயிலை வாங்கச் சொல்லி மூன்று தடவை எழுதினார். முன்பென்றால் முதல் தடவையிலேயே வாங்கியிருப்பாள்.

“பொறுங்கோ,” என்று குரலிலேயே சொன்னாள். “கடுகதி ரெண்டும் போகட்டும். பிறகு எடுக்கிறன்.”

அவர் முணுமுணுத்தார். பொறுத்தார். கடுகதிகள் போயின. எண்பத்தாறில் முடிந்தது. ஒரு தடவை மட்டும் ஒரு ரயிலைத் தவறான மேடைக்கு அனுப்பியிருந்தாள். ஹியூபேட் அதைச் சொல்லாமல் விடவில்லை. ஆனால் எல்லோரும் விடைபெற்றுப் போனபின் கொஞ்சம் தங்கி, “பறவாயில்லை. வாற கிழமையும் நீங்களே இருங்கோ,” என்றார். ஐறீன் சரி என்றாள். திரையை மூடிவிட்டு எழும்பினாள்.

அந்தச் சந்தி அவளிடமே நின்றுவிட்டது. வடக்கு அறைக்காரர் வேலை மாறி விலகியபோது ஹியூபேட் புது ஆளைத் தேடினார். ஆள் கிடைத்துவிட்டது என்று ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார், யார் என்று சொல்லவில்லை. அந்தக் கிழமைதான் வின்சன்ற், திருத்தித் தருகிறேன் என்று சாமினி வீட்டிலிருந்து ஒரு பழைய லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், எந்த மணியும் அடிக்காமல், நேரசூசியில் இல்லாத ஒரு ரயில் வடக்கிலிருந்து அவளுடைய சந்திக்குள் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஐறீன் யாரென்று கேட்டு எழுதப்போனபோது, சாத்தியிருந்த கதவுக்கு அப்பால், விறாந்தைப் பக்கமிருந்து வின்சன்றின் குரல் கேட்டது.

“ஐறீன், நான் உமக்கு ரெண்டு அனுப்பிட்டன். வந்திட்டுதா எண்டு ஒருக்கா பாரும்.”

அவள் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, முதல் ரயிலுக்கு ஒரு இடம் தேடத் தொடங்கினாள்.