சரோஜா அக்கா சேர்த்த வரி

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம், ஒரு மாதர் மாத இதழில் நான் 'சரோஜா அக்கா'வாக வேலை பார்த்தேன். அக்காவுக்கு மீசை உண்டு.

ஊர் சின்னது, பிரபலங்கள் அதைவிடக் குறைவு. மருத்துவச்சி, தலைமையாசிரியை, கச்சேரி பாடும் ராஜம்மாள் என்று மாதத்துக்கு ஒருவரைப் பேட்டி எடுப்பேன். மேட்டர் அச்சுக் கோக்கப் போகுமுன் கடைசி வரியை நானே சேர்ப்பேன்: "என் கணவர் தரும் ஊக்கமே என் வெற்றி." ஆசிரியர் கட்டளை. அது இல்லாவிட்டால் வீட்டு ஆண்கள் சந்தா கட்ட மாட்டார்களாம்.

பேட்டி வெளிவந்த பிறகு ஒருநாள் ராஜம்மாள் ஆபீசுக்கு வந்தார். மணிக்கட்டில் கட்டு. புருஷன் முறித்தது. மகளோடு பக்கத்து நெரவியில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விட அனுமதி கேட்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் முறையிட்டிருக்கிறார். புருஷனோ நம் இதழை நீட்டி, "இவளே சொல்லியிருக்கா, படிச்சுப் பாருங்க" என்றானாம்.

"நான் இப்படிச் சொன்னேனாண்ணே?"

"இல்லம்மா. நான்தான் எழுதினேன்."

"அதை அங்க வந்து சொல்லுங்க."

பழைய இதழ்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

"யாருய்யா அந்த சரோஜா அக்கா?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

"நான்தாங்க."

கூட்டம் சிரித்தது. "புடவையை எங்கடியம்மா விட்டுட்டு வந்தே?" என்றது ஒரு குரல்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மேடை கிடைத்த கோமாளி வேறென்ன செய்வான்? இதழ்களைப் பிரித்துக் கடைசி வரிகளைப் படித்தேன். "எல்லாம் நான் எழுதிச் சேர்த்ததுங்க. மருத்துவச்சியும் இதையேதாங்க சொல்றாங்க. தலைமையாசிரியையும் இதையேதான். அந்த டீச்சரம்மாவுக்குக் கல்யாணமே ஆகலீங்க!" மறுபடி சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

தலைவர் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. பேர் எடுத்த பொம்பளைங்க அத்தனை பேருக்கும் இதுதான் அழகுன்னு பத்திரிகையே போடுது. இந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன வந்துது? வீட்டுக்குப் போம்மா."

ராஜம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு புருஷன் பின்னால் போனார்.

ஆசிரியருக்கு ஏக சந்தோஷம். "குடும்பம் ஒண்ணு சேந்துடுச்சுல்ல? தம்பதியா ஒரு பேட்டி போடுய்யா."

போனேன், சம்பளக்காரன். புருஷன் புதுச்சட்டையில் உட்கார்ந்திருந்தான். ராஜம்மாள் கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"என்னம்மா எழுதட்டும்?"

"முன்ன என்னைக் கேட்டுக்கிட்டா எழுதினீங்க? நீங்களே எழுதிக்குங்க."

எழுதவில்லை. ஒருவர் சொல்லாததை அவர் வாயில் வைத்துவிட்டால், பிறகு அவர் சொல்வது யார் காதிலும் ஏறாது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

அந்த மாதம் சரோஜா அக்காவின் பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம் போட்டார்கள்.